தொடக்க மதிப்புப் பெறாத மாறிகள்

கணிப்பொறி தவறு செய்யாது என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒருவகையில் அஃது உண்மையே. இட்ட பணியை இட்டவாறே செய்வது அதன் இயல்பு. ஆனால் நாம் இடாத ஒன்றை இட்டதாக நினைத்துக்கொண்டு அதனிடம் விடை கேட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்று அது சொல்வதில்லை. தன்னிடம் கிடப்பது எதுவோ அதை எடுத்து விடையாக நீட்டிவிடும். சி என்னும் கணிப்பொறி மொழியில் நிரல் எழுதுவோரை நெடுங்காலமாக அலைக்கழித்து வரும் பிழையொன்று இந்த இயல்பிலிருந்தே பிறக்கின்றது. தொடக்க மதிப்புப் பெறாத மாறியால் விளையும் பிழை அது. அஃது எவ்வாறு தோன்றுகிறது, ஏன் ஒளிந்துகொள்கிறது, அதனைத் தேடிப் பிடிப்பது எங்ஙனம் என்பனவற்றை இன்று காண்போம்.

மாறி என்பது கணிப்பொறியின் நினைவகத்தில் பெயரிட்டு ஒதுக்கப்பெற்ற ஓர் இடம். ‘இன்ட் மொத்தம்’ என்று நிரலில் எழுதினால், ஒரு முழு எண்ணை வைப்பதற்கு ‘மொத்தம்’ என்னும் பெயரால் ஓரிடம் ஒதுக்கப்படுகிறது. அவ்வளவே. அவ்விடத்தில் எந்த எண்ணையும் நாம் இன்னும் வைக்கவில்லை. ‘இன்ட் மொத்தம் சமம் பூச்சியம்’ என்று எழுதினால் மட்டுமே இடமும் கிடைக்கிறது. அதில் பூச்சியம் என்னும் மதிப்பும் அமர்கிறது. இடம் பெறுவது வேறு, மதிப்புப் பெறுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பிழையின் வேர்.

இதனை விளக்க எங்கள் திருவண்ணாமலையையே சான்றாகக் கொள்ளலாம். கார்த்திகைத் தீபத்திற்கும் பௌர்ணமிதோறும் இங்கு மக்கள் வெள்ளமெனத் திரள்வர். சத்திரங்களில் ஓர் அறை ஒழிந்தவுடன் அடுத்தவர் அதில் புகுவர். ஒருவர் திறவுகோலைக் கொடுத்துச் செல்ல, அறையைப் பெருக்காமலே அதனை மற்றொருவரிடம் கொடுத்துவிட்டால் என்னாகும்? முன்னிருந்தவர் விட்டுச்சென்ற துண்டும், செம்பும், பழத்தோலும் புதியவரை வரவேற்கும். நினைவகமும் இத்தகையதே. ஒரு செயற்கூறு தன் பணி முடிந்து நீங்கியவுடன், அது பயன்படுத்திய இடம் அடுத்த செயற்கூற்றுக்குத் தரப்படுகிறது. முன்னது விட்டுச்சென்ற எண்கள் அங்கேயே கிடக்கின்றன. அவற்றையே நம் மாணவர்கள் ‘குப்பை மதிப்பு’ என்பர்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். மலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் ஈறாக எட்டு லிங்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்ததாகவும், பந்தல் ஒன்றுக்கு 100 குடம் நீர் செலவானதாகவும் கொள்வோம். மொத்தச் செலவு 800 குடம். இதனைக் கூட்டிச் சொல்ல ஒரு மாணவர் சி மொழியில் நிரல் எழுதுகிறார். எட்டுமுறை சுழலும் ஒரு மடக்கு; ஒவ்வொரு சுற்றிலும் ‘மொத்தம்’ என்னும் மாறியோடு 100 சேர்க்கப்படுகிறது. ஆனால் அந்த மாறிக்குத் தொடக்கத்தில் பூச்சியம் இடப்படவில்லை. அங்கே பழைய எண்ணாகிய 37 கிடந்தால் விடை 837 என வரும். நூறு கோடிக்கு மேலான ஓர் எண் கிடந்தால் விடையும் அவ்வாறே பெருகிக் காணும்.

இவ்விரண்டனுள் எது பெருங்கேடு? நூறு கோடி குடம் என்று விடை வந்தால் எவரும் நம்பார். உடனே பிழையைத் தேடத் தொடங்குவர். 837 என்று வந்தாலோ ஏட்டில் எழுதிக்கொண்டு அடுத்த மாதத்திற்கும் அவ்வாறே ஏற்பாடு செய்துவிடுவர். விந்தையான விடையைக் காட்டிலும் நம்பத்தக்கதாய்த் தோன்றும் தவறான விடையே அஞ்சத்தக்கது.

எல்லா மாறிகளும் இவ்வாறு குப்பையோடு பிறப்பதில்லை என்பதையும் நீங்கள் அறிதல் வேண்டும். செயற்கூறுகளுக்கு வெளியே அறிவிக்கப்படும் பொது மாறிகளுக்கும், ‘ஸ்டேட்டிக்’ என்னும் சொல்லோடு அறிவிக்கப்படும் மாறிகளுக்கும் நாம் மதிப்புத் தராவிடினும் மொழியே பூச்சியத்தைத் தந்துவிடும். செயற்கூற்றின் உள்ளே பிறக்கும் சாதாரண மாறிகளுக்கு அச்சலுகை இல்லை. ‘மாலாக்’ என்னும் செயற்கூற்றைக் கொண்டு கேட்டுப் பெறும் நினைவகத்திற்கும் இல்லை. ‘காலாக்’ கொண்டு பெற்றால் பூச்சியம் நிரப்பித் தரப்படும். எட்டு உறுப்புகள் கொண்ட ஓர் அணியில் முதல் உறுப்பிற்கு மட்டும் தொடக்க மதிப்பு எழுதினாலும் எஞ்சிய ஏழும் பூச்சியமாகிவிடும். இவ்வேறுபாடுகளை மனத்திற்கொள்ளாமையாலேயே, வெளியே இருந்தபோது சரியாக ஓடிய மாறி, செயற்கூற்றின் உள்ளே மாற்றி எழுதப்பட்டவுடன் தடம்புரள்கிறது.

மொழியை ஆக்கியோர் ஏன் எல்லா மாறிகளுக்கும் பூச்சியம் இடவில்லை என்று நீங்கள் வினவலாம். அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிச்சி என்பவர் 1972ஆம் ஆண்டையொட்டி இம்மொழியை உருவாக்கினார். அக்காலத்துப் பொறிகள் வேகத்திலும் நினைவகத்திலும் மிகச் சிறியவை. செயற்கூறு அழைக்கப்படுந்தோறும் எல்லா இடங்களையும் துடைப்பது வீண்செலவாகத் தோன்றியது. எழுதுபவர் தாமே மதிப்பிட்டுக்கொள்வார் என்று அப்பொறுப்பை அவரிடமே விட்டனர். பின்வந்த ஜாவா மொழி, செயற்கூற்றினுள் உள்ள மாறி மதிப்புப் பெறுமுன் படிக்கப்பட்டால் நிரலையே ஏற்க மறுக்கும். பைத்தான் மொழியிலோ மதிப்பில்லாமல் ஒரு மாறியைப் படைக்கவே இயலாது. ஆயினும் பைத்தான் மொழியைப் பெரும்பாலோர் இயக்கும் பொறியமைப்பே சி மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸ் இயக்கமுறைமையின் கருப்பகுதியும் பெரும்பாலும் சி மொழியே. ஆகவே இது பழங்கதையன்று.

இப்பிழை ஏன் எளிதில் அகப்படுவதில்லை? மீண்டும் சத்திரத்திற்கே செல்வோம். புதிதாகக் கட்டிய சத்திரத்தில் முதல்முதலாகப் புகுபவருக்கு அறை தூய்மையாகவே இருக்கும். அவ்வாறே, இயக்கமுறைமை ஒரு நிரலுக்குப் புதிதாகத் தரும் நினைவகப் பகுதிகளைப் பூச்சியத்தால் நிரப்பியே தருகிறது. இன்னொருவருடைய மறைபொருள் கைமாறிவிடக் கூடாதென்பது காரணம். அந்தப் புதிய இடத்தில் மாறி அமைந்தால் நிரல் சரியான விடையைத் தரும். மாணவர் தம் பயிற்சி ஏட்டில் எழுதிக்கொள்வார். செய்முறைத் தேர்வு நாளன்று அதே நிரலில் இன்னொரு செயற்கூற்றைச் சேர்ப்பார். அல்லது வேறொரு பொறியில் ஓட்டுவார். இப்போது மாறி அமையும் இடம் முன்னரே பயன்பட்ட இடம். விடை மாறிவிடும். ‘நேற்று ஓடியதே, இன்று என் ஓடவில்லை’ என்று அவர் திகைப்பார். நேற்றும் அது சரியான நிரலன்று. நேற்றைய விடை மட்டுமே சரியாக வாய்த்தது.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. என்ன நடக்கிறதென்று பார்ப்பதற்காக, இடையே ஒரு ‘பிரின்ட்எஃப்’ வரியைச் சேர்த்தவுடன் பிழை மறைந்துபோவதுண்டு. வரியை நீக்கினால் மீண்டும் தோன்றும். சேர்த்த வரி நினைவக அமைப்பைச் சிறிது மாற்றிவிடுவதே காரணம். பார்க்க முயலும்போதே உருமாறும் இத்தகைய பிழையை, ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் ஹைசன்பர்க்கின் பெயரைத் தழுவி ‘ஹைசன்பக்’ என்று கணிப்பொறியாளர் வேடிக்கையாகக் கூறுவர்.

அங்ஙனமாயின் இதனைப் பிடிப்பது எவ்வாறு? முதல் காவலாளி நிரல்பெயர்ப்பி, அதாவது கம்பைலர். ஜி.சி.சி. என்னும் நிரல்பெயர்ப்பியை அழைக்கும்போது ‘மைனஸ் டபிள்யூ ஆல்’ என்னும் குறிப்பைச் சேர்த்தால், ஐயத்திற்குரிய இடங்களை அது எச்சரிக்கையாகக் காட்டும். ‘மைனஸ் ஓ டூ’ என்னும் செம்மையாக்கக் குறிப்பையும் சேர்த்தல் நலம். அப்போதுதான் மதிப்புகள் எவ்வழியே செல்கின்றன என்பதை அது ஆழமாக ஆராய்கிறது. எச்சரிக்கைதானே, நிரல் ஓடுகிறதே என்று அதனைப் புறக்கணிப்போர் பலர். எச்சரிக்கை இல்லாத நிரலையே முடிந்த நிரலாகக் கொள்ளும் வழக்கத்தை இளமையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

எனினும் இக்காவலாளியின் பார்வைக்கும் எல்லை உண்டு. ‘ஸ்கேன்எஃப்’ கொண்டு பயனரிடமிருந்து ஓர் எண்ணைப் படிக்கிறோம். மாறியின் முகவரியை அதனிடம் கொடுத்துவிட்டதால், அது மதிப்பை நிரப்பிவிடும் என்று நிரல்பெயர்ப்பி நம்பிக்கொள்கிறது. பயனர் எண்ணுக்கு மாறாக ஓர் எழுத்தைத் தட்டிவிட்டால், ‘ஸ்கேன்எஃப்’ எதையும் நிரப்பாமல் திரும்பிவிடும். மாறியில் குப்பை கிடக்கும்; எச்சரிக்கையும் வாராது. எத்தனை மதிப்புகளைப் படித்தேன் என்று ‘ஸ்கேன்எஃப்’ ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. அதனை ஒவ்வொரு முறையும் சோதிப்பதே இதற்கு மருந்து.

இரண்டாம் காவலாளி, நிரல் ஓடும்போது உடனிருந்து பார்ப்பது. வால்கிரைண்ட் என்பது அதன் பெயர். ஜூலியன் சீவர்டு என்பார் உருவாக்கி 2002ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இலவசக் கருவி இது. வடபுல ஐரோப்பியரின் பழங்கதைகளில் வரும் ஒரு வாயிலின் பெயரை இதற்கு இட்டனர். நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டிற்கும் துணையாக இன்னொரு பிட்டை இது வைத்துக்கொள்கிறது. முதலாவது மதிப்பைக் குறிக்கும். துணைப் பிட்டோ அம்மதிப்பு முறையாக இடப்பட்டதா இல்லையா என்பதைக் குறிக்கும். மதிப்பிடாத மாறியை வேறொன்றிற்கு நகல் செய்தால் இக்கருவி வாய்திறக்காது. குப்பையென்னும் குறியையும் சேர்த்தே நகல் செய்யும். அந்த மதிப்பைக் கொண்டு ‘இது பெரிதா, சிறிதா’ என்று ஒரு முடிவெடுக்க முற்படும்போதுதான், மதிப்பிடாத ஒன்றை நம்பி வழி பிரிகிறது என்று முறையிடும்.

இதனால் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. நம் நிரலில் பிறந்த குப்பை, ‘பிரின்ட்எஃப்’ என்னும் நூலகச் செயற்கூற்றினுள் சென்று அங்கே அகப்படும். முறையீடும் அந்த இடத்தையே சுட்டும். நூலகத்தில் பிழை என்று மாணவர் எண்ணிவிடுவர். பிழை அகப்பட்ட இடம் வேறு, பிறந்த இடம் வேறு. ‘டிராக் ஆரிஜின்ஸ்’ என்னும் குறிப்பைச் சேர்த்து இயக்கினால், அந்தக் குப்பை எந்த ஒதுக்கீட்டில் பிறந்தது என்பதையும் வால்கிரைண்ட் காட்டும். நிரலைப் பெயர்க்கும்போது ‘மைனஸ் ஜி’ என்னும் குறிப்பைச் சேர்த்திருந்தால் வரி எண்ணையும் சொல்லும். இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதால் நிரல் 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். பிழைதேடும் வேளையில் அதனைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கிளாங் என்னும் நிரல்பெயர்ப்பியோடு வரும் மெமரி சானிடைசர் இதே பணியை இன்னும் விரைவாகச் செய்யும். ஆனால் பயன்படும் நூலகங்களையும் அதே முறையில் பெயர்த்திருத்தல் வேண்டும்.

மூன்றாம் வழி, ஒளிந்திருப்பதை வேண்டுமென்றே வெளிப்படச் செய்வது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் விஷுவல் சி நிரல்பெயர்ப்பி, பிழைதேடும் நிலையில் உள்ளூர் மாறிகளை ஒரு குறிப்பிட்ட எண் கோலத்தால் நிரப்பிவைக்கும். அது முழு எண்ணாக வெளிப்படும்போது மைனஸ் 85,89,93,460 என்று காணும். இவ்வெண்ணைத் திரையில் கண்டால், எங்கோ ஒரு மாறிக்கு மதிப்பு இடப்படவில்லை என்று உடனே உணரலாம். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி.சி.சி. 12ஆம் பதிப்பிலும் இவ்வாறு கோலமிடவோ பூச்சியமிடவோ வசதி சேர்க்கப்பட்டது.

இங்கே ஓர் ஐயம் எழும். இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லா மாறிகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பூச்சியத்தை இட்டுவிட்டால் என்ன? தண்ணீர்ப் பந்தல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பந்தல்களுள் எதில் மிகக் குறைந்த நீர் செலவாயிற்று என்று காண வேண்டும். ‘குறைவு’ என்னும் மாறிக்குப் பூச்சியம் இட்டுத் தொடங்கினால், எந்தப் பந்தலின் எண்ணும் பூச்சியத்திற்குக் குறைந்ததாக இராது. ஆகவே விடை எப்போதும் பூச்சியம் என்றே வரும். முதற்பந்தலின் எண்ணையே தொடக்க மதிப்பாகக் கொள்வதுதான் முறை. பூச்சியமிட்டபின் நிரல்பெயர்ப்பியும் எச்சரியாது, வால்கிரைண்டும் முறையிடாது. பிழையோ அப்படியே இருக்கும். ஒரு மாறிக்கு எம்மதிப்பு முறையானது என்பதை நிரலின் பொருளை அறிந்தவர்தாம் சொல்ல முடியும்.

எச்சரிக்கையை அடக்குவது வேறு, பிழையைத் தீர்ப்பது வேறு என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. டெபியன் என்பது தன்னார்வலர் பலர் கூடிப் பேணும் ஒரு லினக்ஸ் இயக்கமுறைமை. நம் நாட்டிற்கும் அது அயலானதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டே பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயக்கமுறைமையை ஆக்கி 2007இல் வெளியிட்டனர். டெபியனில் ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் நூலகமும் உண்டு. சி மொழியில் எழுதப்பெற்ற இது, பிறர் ஊகிக்க இயலாத எண்களைக் கொண்டு இரகசியத் திறவுகோல்களை ஆக்க உதவுவது. ஊகிக்க இயலாமைக்காகப் பலவற்றையும் ஒரு கலத்தில் இட்டுக் கலக்குவது போன்ற முறையை அது கையாண்டது. ஓரிடத்தில், மதிப்பிடாத நினைவகத்தில் கிடந்த குப்பையையும் சேர்த்துக் கலக்கியது. அதனால் நன்மை இல்லாவிடினும் தீமை இல்லை என்பது அதனை எழுதியோர் கருத்து.

வால்கிரைண்ட் இதனைக் கண்டு முறையிட்டது. டெபியனில் அந்நூலகத்தைப் பேணியவர்கள் 2006ஆம் ஆண்டில், முறையீட்டுக்குக் காரணமான வரிகளைச் செயலிழக்கச் செய்தனர். அவர்கள் அக்கறையின்றிச் செய்தாரல்லர். முன்னதாகப் பிறரிடம் கேட்கவும் செய்தனர். ஆனால் ஒன்றுபோல் தோன்றிய இரு வரிகளுள் ஒன்று, உண்மையான ஊகிக்கவியலாத பொருள்களைக் கலத்தில் சேர்க்கும் வரியே ஆகும். அதுவும் நின்றுபோயிற்று. எஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயக்கமுறைமை இடும் வரிசை எண் ஒன்றே. அவ்வெண் அக்கணிப்பொறிகளில் 32,768க்கு மேற்படாதது. ஆகவே ஒரே வகைப் பொறியில், ஒரே அளவில் ஆக்கப்பட்ட திறவுகோல்கள் எத்தனை கோடியாயினும், அவை அந்த 32,768 வகைக்குள்ளேயே அடங்கின. அத்தனையையும் ஒருவர் முன்னரே ஆக்கி வைத்துக்கொண்டு பூட்டுகளைத் திறந்துவிடலாம்!

முறையீடு நின்றது, நிரலும் ஓடியது. ஏறக்குறைய ஈராண்டு இக்குறையை எவரும் அறியவில்லை. லூசியானோ பெல்லோ என்பார் கண்டுபிடிக்க, 2008ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் டெபியன் அதனை வெளிப்படையாக அறிவித்தது. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவும் இதற்கு ஆளாகியிருந்தது. இவற்றில் உருவான திறவுகோல்களை நீக்கிவிட்டுப் புதியன ஆக்கும் பணி உலகெங்கும் நடைபெற்றது.

இதிலிருந்து நாம் கருவிகளைக் குறைகூற வேண்டுவதில்லை. வால்கிரைண்ட் சொன்னது மெய்யே. அங்கே மதிப்பிடாத நினைவகம் படிக்கப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் என்ன செய்வதென்பதைக் கருவி சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது, இந்த வரி எதற்காக உள்ளது, இதை நீக்கினால் வேறு எது நிற்கும் என்னும் வினாக்களுக்கு மனிதரே விடை காண வேண்டும்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று, மாணவனின் விடையை மட்டும் பாராமல் அவன் வந்த வழியையும் பார்க்க வேண்டும் என்பது. தவறான வழியில் வந்த சரியான விடைக்கு முழு மதிப்பெண் தரலாகாது. அடுத்த கணக்கில் அவ்வழி அவனைக் கைவிட்டுவிடும். நிரலுக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே மாணவர்களே, உங்கள் நிரலை முடித்தவுடன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு மாறியின் பெயரையும் எழுதி, அது முதன்முதலாகப் படிக்கப்படும் வரியைக் குறியுங்கள். அவ்வரியை அடையும் எல்லா வழிகளிலும் அதற்கு மதிப்பு இடப்பட்டுள்ளதா என்று பின்னோக்கிச் சென்று பாருங்கள். நிபந்தனை பொய்யானால் என்னாகும், மடக்கு ஒருமுறையும் சுழலாவிடின் என்னாகும், ‘ஸ்விட்ச்’ கூற்றில் எந்த வகையும் பொருந்தாவிடின் என்னாகும் என்று கேளுங்கள். மாறியை அது தேவைப்படும் இடத்திலேயே, பொருளறிந்த மதிப்போடு பிறக்கச் செய்யுங்கள். அதன்பின் எச்சரிக்கைகளை இயக்கிப் பெயருங்கள். வால்கிரைண்டின் துணையோடு ஒருமுறை ஓட்டுங்கள். அது முறையிட்டால், அதன் காரணம் விளங்கும்வரை ஒரு வரியையும் நீக்காதீர்கள்.

கால் மணி நேரப் பணிதான் இது. இதனைச் செய்தவர் தம் நிரல் ஓடுகிறது என்பதோடு, ஏன் ஓடுகிறது என்பதையும் தேர்வாளர்முன் தயங்காது சொல்லலாம்.